சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்த செடி

என் மருமகள் வளர்த்த தக்காளிச் செடி ஒன்று, ஒரு கையால் எதிரியை மூக்கிலேயே குத்திக்கொண்டு, மறு கையால் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு, அத்தனை களேபரத்துக்கும் நடுவில் என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது.

நம்பாதவர்கள் கை தூக்கலாம்.

தூக்கிவிட்டீர்களா? சந்தோஷம். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார் பாருங்கள், அவர்தான் என் சம்பந்தி. பெற்ற மகள் வளர்த்த செடிதான், இருந்தும் எல்லோருக்கும் முதலில் கை தூக்கியவர் அவர்.

சரி, தோள் உயரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். முழங்கை உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் காலமெல்லாம் அறிவிப்புச் செய்தவன் நான். தாமதமாக வருகிற சரக்கு வண்டியைக்கூட ராஜா ஊர்வலம் வருகிற மாதிரி அறிவித்துப் பழகிய தொண்டை இது. வீட்டில் என் பெயர் ஒலிபெருக்கி.

சம்பந்தியின் பெயர் தராசு. எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்குவார். தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், சரியில்லாவிட்டால் கடைக்காரர் முகத்தை வெளுக்க வைப்பார். இப்போதும் சர்க்கரை டப்பாவில் கிடக்கும் கரண்டியைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

புதிதாக வண்டி ஏறியவர்களுக்குப் போன வாரக் கதையை ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். மருமகள் தாவர ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். கிருமியோடு மல்லுக்கட்டுகிற செடி, அந்த நேரத்தில் வளர்வதை நிறுத்திவிடும். அதுதான் செடிகளின் வழக்கம். இவளுடைய செடி நிறுத்தவில்லை. மூன்று வருட உழைப்பு. வேறொரு குழு இதையே செய்து பார்த்து, "எங்களுக்கு வரவில்லை" என்று எழுதிவிட்டது. உடனே ஆய்வகத்தில் முணுமுணுப்பு. ஆய்வகத் தலைவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். அவர் கடைசியாக ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். செடிகளுக்கு வெறும் எண் மட்டும்தான். எந்த எண் சாதாரணச் செடி, எந்த எண் மருமகளின் செடி என்பது மேடத்துக்கு மட்டும் தெரியும். அளக்கிறவர் இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று துளியும் ஆசையில்லாத ஆளாக இருக்க வேண்டும்.

சரிப்பட்டால் கட்டுரை அச்சுக்கு, விதை வயல் சோதனைக்கு. சரிப்படாவிட்டால் செடியறை அடுத்த குழுவுக்கு. செடியும் விதையும் நீராவிக் கொதிகலனில் வெந்து குப்பைக்கு.

"ஆசையில்லாத ஆள் என்ன மேடம், நம்பிக்கையே இல்லாத ஆள் ஒருத்தர் இருக்கார். எங்க அப்பா" என்றாளாம் மருமகள். மேடம் வேண்டாமென்று சொல்லவில்லை. அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

அந்த நாள் விடிந்தது.

* * *

காலையில் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்கும் பழத்துக்கும் நடுவே சம்பந்தியின் எஃகு அளவுகோல்கள் பளபளவென்று படுத்திருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஸ்கேல் அங்கேயே இருக்கு."

"அது உன் ஸ்கேல்."

"ஸ்கேல்ல என்னப்பா உங்களுது என்னுது?"

"கடைக்காரன் நீட்டற தராசுலயே கடைக்காரனைச் சோதிக்கிறதா? நல்லாருக்கே."

"மாமா, கேட்டீங்களா? நான் கடைக்காரனாம்."

"கேட்டேம்மா. உங்க அப்பாவுக்குப் பாசம் அப்படித்தான் வெளிய வரும். சம்பந்தம் பேச வந்த அன்னிக்கு என் பையனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சு உயரம் அளந்த மனுஷன் ஆச்சே."

"நீங்க சொன்னதைவிட ரெண்டு விரல் கம்மி" என்றார் சம்பந்தி, துடைப்பதை நிறுத்தாமல்.

அந்த ரெண்டு விரல் குறைந்த என் மகன், ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு சாவியை எடுத்தான். "இந்தச் சண்டைல என்னை இழுக்காதீங்க. சாயங்காலம் போன் பண்ணுங்க, சிரிக்கலாமா அழலாமான்னு சொல்லுங்க" என்று மனைவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிட்டான்.

சம்பந்தி அளவுகோலைப் பெட்டியில் வைத்தார். "இன்னொரு தடவை சொல்லு. செடி சண்டை போடுதுங்கறே. அதுக்குக் கை இருக்கா, கால் இருக்கா?"

மருமகள் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு செல்லோட வெளிச்சுவர்லயும் ஒரு காவல்காரன் நிக்கறான்பா. கிருமியோட வால் துணுக்கு மேல பட்டாப் போதும், முழிச்சுக்குவான். முழிச்சதும் உள்ள இருக்கிற அடுத்த ஆள் மேல ஒரு முத்திரை குத்துவான். முத்திரை விழுந்த ஆள் தனக்கு அடுத்த ஆள் மேல குத்துவான். இப்படியே செய்தி உள்ள வரைக்கும் போயிடும். அந்த முத்திரை குத்துற புரதத்துக்குத்தான் கைனேஸ்னு பேரு."

"முத்திரைன்னா?"

"பாஸ்பேட்டுனு ஒரு சின்னத் துணுக்கு. அது ஒட்டினா அந்த ஆள் வேலையை ஆரம்பிப்பான். பிய்ச்சு எடுத்தா நிறுத்திடுவான். உங்க உத்தியோகம்தான்பா, அப்படியே."

சம்பந்தியின் மீசையில் ஒரே ஒரு முடி பெருமையால் அசைந்தது. நான் பார்த்தேன். அசைந்த முடியை அவரே அடக்கிக்கொண்டார்.

"முத்திரை குத்தறவனை யார் சோதிக்கிறது?"

"அவன் மேல குத்தறதுக்கு வேற கைனேஸ் இருக்கு."

"ம். நிர்வாகம் பரவாயில்லை. இதுல நீ என்ன பண்ணினே?"

"ஒரு கைனேஸ் மேல ரெண்டு இடத்துல முத்திரை விழும். ஒரு இடத்துல விழுந்தா, சண்டை போடு. இன்னொரு இடத்துல விழுந்தா, வளர்றதை நிறுத்து. ரெண்டாவது இடத்துல முத்திரை ஒட்டாத மாதிரி மாத்திட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்று நான் துள்ளினேன். "சம்பந்தி, பட்டாளத்துக்குச் சண்டை போடுன்னு ஆர்டர் போயிருச்சு. சமையலை நிறுத்துன்னு போற ஆர்டர் மட்டும் நடு வழியில காணாமப் போச்சு! உங்க பொண்ணு பண்ணின வேலையைப் பார்த்தீங்களா?"

"கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "கேக்க நல்லா இல்லாம எந்தக் கள்ளத்தராசுக்காரனும் பேசினதே இல்லை, சம்பந்தி."

மருமகள் சிரித்தாள். ஆனால் டம்ளரை எடுத்தபோது தண்ணீர் தளும்பி மேசைவிரிப்பில் சிந்தியது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சட்டென்று தட்டை நகர்த்தி மறைத்தாள்.

* * *

செடியறை என்பது ஜன்னல் இல்லாத வெள்ளைப் பெட்டி. உள்ளே விளக்கு அப்படி எரிகிறது, நம் நிழலுக்கே கண் கூசும். மெல்லிய காற்று இரைச்சல், ஈர மண் வாசனை. அதைக் கட்டி ஆள்கிற பெண்ணுக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் செடியறை அக்கா. பெரிய மேடமே அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

"ரெண்டு பெரியவங்களும் கவுன் போட்டுக்குங்க, தலைக்குத் தொப்பி மாட்டிக்குங்க. எதையும் தொடாதீங்க."

"தொடாம எப்படிம்மா அளக்கிறது?"

"அளக்கிறதைத் தவிர எதையும் தொடாதீங்க."

நான் எப்படி உள்ளே போனேன் என்கிறீர்களா? சாட்சி இல்லாமல் அளந்து பழக்கமில்லை என்று சம்பந்தி பிடிவாதம் பிடித்துவிட்டார். "உங்களுக்கும் எந்தத் தொட்டி என்னன்னு தெரியாதுல்ல சார், அது போதும்" என்று மேடம் என்னைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார். மருமகளுக்கு மட்டும் உள்ளே இடமில்லை. வேறு மாடியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வரிசையாகத் தக்காளிச் செடிகள். ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் எண் குச்சி. முன்வரிசைகளுக்கெல்லாம் முதலில் கிருமியின் வால் துணுக்கைத் தெளித்து எச்சரிக்கை கொடுத்து, அப்புறம்தான் நிஜக் கிருமியை விட்டிருந்தார்கள். கடைசி வரிசைக்கு எச்சரிக்கை கிடையாது, நேரே கிருமிதான்.

உள்ளே போன கையோடு எனக்குத் தும்மல் வந்தது.

என் தும்மலைப் பற்றித் தனியாக ஒரு தொடர் எழுதலாம். ஒரு தடவை நான் தும்மியதில் இரண்டாவது நடைமேடை வண்டி புறப்பட்டுவிட்டது. அக்காவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். முதல் 'ஹ' வந்ததுமே என் தோளைப் பிடித்துக் கதவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் தும்மி முடித்து, கை கழுவி, புதுக் கவுன் மாட்டித் திரும்பும் வரை உள்ளே சம்பந்தியும் செடிகளும் மட்டும்தான்.

திரும்பி வந்தபோது அவர் நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றார்.

அளவெடுப்பு ஆரம்பித்தது. அவர் குனிந்து அளவுகோலை வைப்பார், நிமிர்வார், மறுபடி குனிந்து அதையே அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறப்பார். நான் அதை எழுதும்போதே உரக்கவும் சொன்னேன். பழக்க தோஷம்.

"ஏழாம் எண்ணில்! நிற்கும் செடியின்! உயரம்!"

"மெதுவா சார்" என்றார் அக்கா. "செடி அதிர்ந்துடப் போகுது."

"செடிக்குக் காது வேற இருக்கா?" என்றார் சம்பந்தி.

முன்வரிசைகளில் இலைகளெல்லாம் துடைத்துவைத்த மாதிரி சுத்தம், எங்கோ ஒன்றிரண்டு புள்ளி. ஆனால் உயரத்தில் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி சாண் உயரத்தோடு கைகால் ஒடுக்கி நின்றுவிட்டது. மற்றது முழங்கையைத் தொட்டு, இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, என் மனசு உயரமானதையெல்லாம் அப்போதே தத்து எடுத்துக்கொண்டுவிட்டது.

கடைசி வரிசை பரிதாபம். எச்சரிக்கை கிடைக்காத அந்தச் செடிகளின் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. சம்பந்தி பூதக்கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டே போனவர், ஒரு மூலையில் நின்றுவிட்டார்.

"இதுல புள்ளியே இல்லையே."

அக்கா வந்து பார்த்தார். எச்சரிக்கை கிடைக்காத செடிதான். கிருமி மட்டும் விட்ட செடிதான். ஆனால் இலை கண்ணாடி மாதிரி இருந்தது. முன்வரிசையின் உயரமான செடி ஒன்று அதன் மேல் லேசாகச் சாய்ந்து நின்றது.

"இதுக்கு யார் சொன்னாங்க, கிருமி வருதுன்னு?" என்றார் அக்கா, தனக்குத்தானே.

"புள்ளி இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார் சம்பந்தி. "காரணம் என் வேலை இல்லை."

* * *

அளந்து முடித்து வராந்தாவில் காகிதக் கோப்பையில் டீயோடு நின்றோம். சம்பந்தி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"சம்பந்தி, ஒரு விஷயம் சொல்றேன். சத்தம் போடக் கூடாது."

"நான் என்னிக்குச் சத்தம் போட்டேன்?" என்று நான் கேட்டதில் மூன்று கதவுகள் திறந்து மூடின.

"நீங்க தும்மப் போனப்போ, ஏழாம் எண் குச்சியையும் பத்தொன்பதாம் எண் குச்சியையும் பிடுங்கி, மாத்திச் சொருகிட்டேன். ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை."

டீ எனக்கு மூக்கு வழியாக வந்தது.

"அடப்பாவி மனுஷா! உங்க பொண்ணோட மூணு வருஷம்யா அது!"

"அதனாலதான். கேளுங்க. தராசைச் சோதிக்கப் போறப்போ நான் ஒரு கள்ளப் படிக்கல்லை எடுத்துட்டுப் போவேன். கடைக்காரனுக்குத் தெரியாம அவன் கல்லோட கலந்துடுவேன். நேர்மையான தராசா இருந்தா முள் உதைக்கும். கள்ளத்தராசுன்னா முள்ளுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாக் கல்லும் அதுக்கு ஒண்ணுதான். இவ சொல்றது நிஜம்னா அந்த ரெண்டு தொட்டியும் உதைக்கணும். நெட்டை குட்டை சும்மா தானா வந்ததுன்னா, நான் மாத்தினது யாருக்கும் தெரியவே தெரியாது."

யோசித்தால் அதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலே.

"சரி, உதைச்சதும் நீங்க எந்திரிச்சு உண்மையைச் சொல்லிடுவீங்களா?"

"உடனே இல்லை." கோப்பையைக் கசக்கினார். "முள் உதைச்சதும் கடைக்காரன் என்ன பண்றான்னு பார்க்கணும். கல்லைத் தூக்கி ஒளிச்சு வைக்கிறானா, இல்லையா? பாதிப் பேர் அங்கேதான் மாட்டுவான்."

"அவ கடைக்காரி இல்லைய்யா, உங்க மக!"

"மகளா இருக்கிறதாலதான் ரெண்டு தடவை அளக்கிறேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம்."

ஊருக்கே அறிவிப்புச் செய்த வாயைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தேன். அன்று மாலை வரை நான் பட்ட பாட்டைச் சொன்னால் கல்லும் கரையும். வயிற்றுக்குள் ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி ஊதிக்கொண்டே நின்றது, சிக்னல் கிடைக்காமல்.

* * *

பெரிய மேடத்தின் அறையில் கணினித் திரையில் ரகசியப் பட்டியலைத் திறந்தார்கள். ஒரு பக்கம் மருமகள், இன்னொரு பக்கம் நாங்கள். அக்கா கதவில் சாய்ந்து நின்றார். மேடம் ஓர் எண்ணுக்கு அது என்ன செடி என்று படிப்பார், நான் அதன் உயரத்தைப் படிப்பேன்.

"ஒண்ணு. சாதாரணம்."

"குட்டை!"

"ரெண்டு. மாத்தினது."

"நெட்டை!"

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாமே சொல்லிவைத்த மாதிரி. மருமகளின் விரல்கள் மேசை விளிம்பை விட்டு மெல்ல மெல்லத் தளர்ந்தன.

"ஏழு. சாதாரணம்."

நான் என் தாளைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

"சார்?"

"நெட்டை" என்றேன். என் ஆயுளிலேயே மிகச் சன்னமான அறிவிப்பு அதுதான்.

விரல்கள் மறுபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டன. எட்டிலிருந்து பதினெட்டு வரை ஒத்துவந்தது. பத்தொன்பது மருமகளின் செடி, ஆனால் குட்டை. அதற்கப்புறம் கடைசி வரை ஒத்துவந்தது. ஆனால் அறையில் யாரும் அந்த மிச்சத்தைக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனுஷி இல்லை அவர். களைத்த மனுஷி.

"பரவாயில்லைம்மா. ரெண்டே ரெண்டுதான். எந்தச் சோதனையிலயும் ஒண்ணு ரெண்டு இப்படி முரண்டு பிடிக்கும். அந்த ரெண்டையும் விலக்கிட்டா மத்ததெல்லாம் அழகா இருக்கு. செடி சரியா வேர் பிடிக்கலைன்னு ஒரு வரி எழுதிடலாம். நான் இன்னிக்கே கையெழுத்துப் போடறேன்."

சம்பந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. அவர் தேடி வந்த இடம் அதுதான். கல்லை ஒளித்துவைக்கலாம். சிரித்த முகத்தோடு மேலதிகாரியே வழி காட்டுகிறார். மூன்று வருடமும் தப்பிக்கும்.

மருமகள் திரையையே பார்த்தாள். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம்."

"என்ன வேண்டாம்?"

"விலக்க வேண்டாம். வேர் பிடிக்கலைன்னு எழுதினா அது பொய். ரெண்டும் நல்லா வேர் பிடிச்சிருக்கு." திரும்பினாள். "ஏழு மட்டும் தப்பா வந்திருந்தா என் தப்புன்னு ஒத்துக்கிட்டிருப்பேன். ஆனா ஏழு இருக்க வேண்டிய மாதிரி பத்தொன்பது இருக்கு. பத்தொன்பது இருக்க வேண்டிய மாதிரி ஏழு இருக்கு. ஒண்ணோட சட்டையை இன்னொண்ணு போட்டுக்கிட்டு நிக்குது. ரெண்டும் இடம் மாறியிருக்கு மேடம்."

"இது ரொம்ப வசதியான விளக்கமா இருக்கே."

"வசதியானது நீங்க சொன்னது மேடம். ரெண்டையும் தூக்கிப் போடறது."

மேடத்தின் புருவம் உயர்ந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தொடைக்கு அடியில் கைகளை வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சரி. ரெண்டுலேருந்தும் இலையைக் கிள்ளி மரபணுவைப் பார்க்கலாம்" என்றார் மேடம். "எது எந்தச் செடின்னு அதுலயே தெரிஞ்சுடும். ஆனா ஒண்ணு. இடம் மாறலைன்னு வந்தா, நான் இப்போ சொன்ன வழியும் கிடையாது. நாளைக்கு அறையைக் காலி பண்ணிடணும்."

"பண்ணிடறேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"அந்தச் செடிங்களை எனக்குத் தெரியும் மேடம்."

* * *

இலையைக் கிள்ளினார்கள், அரைத்தார்கள், சின்னக் குழாயில் இட்டு இயந்திரத்துக்குள் வைத்தார்கள். இயந்திரம் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, தன் பாட்டுக்கு உறுமியது. சாயங்காலம் ஆகும் என்றார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சம்பந்தி எதையும் தொடவில்லை.

"போய்ச் சொல்லிடுங்கய்யா" என்றேன். "கல்லை ஒளிக்கலை. நீங்க கேட்டது கிடைச்சாச்சு. இன்னும் எதுக்கு அந்தப் பொண்ணைத் தவிக்க விடறீங்க?"

"இப்ப நான் சொன்னா என்ன ஆகும்? அப்பன் பொண்ணைக் காப்பாத்த எழுந்து பொய் சொல்றான்னு ஆகும்." தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். "இயந்திரம் சொல்லட்டும். இயந்திரத்துக்கு மக கிடையாது."

"பயமா இருக்கா சம்பந்தி?"

அவர் தட்டில் இருந்த ரொட்டியை இரண்டாகப் பிட்டார். இரண்டு பாதியையும் கையில் எடை பார்த்தார். பெரியதை என் பக்கம் தள்ளினார்.

அங்கே ஜன்னல் வழியாகச் செடியறை வாசல் தெரிந்தது. மருமகள் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கடைசி வரிசையில் புள்ளி விழாமல் நின்றதே, அந்தச் செடி. அக்காவும் அவளும் தலையோடு தலை வைத்து ஏதோ பேசினார்கள். பிறகு அவள் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். தன் அறையே போகப் போகிற நேரத்தில் இன்னொரு செடியைப் பற்றிக் கவலைப்படுகிறாள் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவள் என் மருமகள், சார்! என் வீட்டு மருமகள்!

* * *

திரையில் கோடுகள் வந்தன. சாதாரணச் செடிக்கு ஒரு கோடு, மாற்றிய செடிக்கு இரண்டு.

ஏழு என்று குச்சி போட்டிருந்த செடிக்கு இரண்டு. பத்தொன்பதுக்கு ஒன்று.

பெரிய மேடம் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பிறகு மருமகளின் தோளில் கையை வைத்தார். "இடம் மாறித்தான் இருக்கு. ஒண்ணுகூடத் தப்பலை. எல்லாமே சரி." கை தோளிலேயே இருந்தது. "நான் விலக்கச் சொன்னதை மறந்துடு."

மருமகள் தலையாட்டினாள்.

மேடம் நிமிர்ந்தார். குரல் மாறியது. "ஆனா குச்சியை மாத்தினது யாரு? காலைல நான் என் கையால சொருகிட்டு வந்தேன். செடியறைக்கு யார் பொறுப்பு?"

எல்லோர் பார்வையும் கதவுப் பக்கம் போனது. செடியறை அக்காவின் முகம் சிவந்தது. "என்னையா கேக்கறீங்க மேடம்? இந்த அறையில ஒரு எறும்பு இடம் மாறினாக்கூட..."

"அவங்க இல்லை."

சம்பந்தி எழுந்து நின்றார். எத்தனை கடைக்காரர்களைத் தலைகுனிய வைத்த மனிதர்! அவர் தலை குனிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நான்தான் மாத்தினேன். இவர் தும்மப் போனப்போ."



"அப்பா!" மருமகளின் குரல் உடைந்தது. "எதுக்குப்பா?"

"முள் உதைக்குதான்னு பார்த்தேன். உதைச்சா நீ என்ன பண்றேன்னு பார்த்தேன்."

"நான் அந்த ரெண்டையும் விலக்கியிருந்தா?"

"பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன். இந்தச் செடியைப் பத்தி அப்புறம் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா, சிரிப்பா, இரண்டுமா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. "காலைலேருந்து எனக்கு உயிரே இல்லைப்பா."

"எனக்கும்தான்" என்றார் அவர்.

"அடி மனசுல எனக்கும்தான்!" என்று நான் கத்தினேன். பூட்டுத் திறந்துவிட்டது. மாடி முழுக்கக் கேட்டிருக்கும். "சொல்லிடுங்க சம்பந்தி! சாட்சி நிக்கறேன். இந்தச் செடி கிருமியோட சண்டையும் போட்டுச்சா, வளரவும் வளர்ந்துச்சா? நான் சொன்னா எவன் நம்பப் போறான்? நீங்க சொல்லுங்க!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேடத்தையும் பார்க்கவில்லை. மகள் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்த எஃகு அளவுகோலின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நடந்துச்சும்மா" என்றார். "சண்டையும் போட்டிருக்கு, வளர்ந்தும் இருக்கு. நான் அளந்தேன்."